தண்ணீர் ஓடும் பக்கம் கிழக்கு

என் வீட்டுக்காரர் அரசப்பனுக்கு வழி தெரியாத இடம் என்று இந்த உலகத்தில் ஒன்று கிடையாது. அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வெளியூர்க்காரர்கள் ஏதோ பட்டாளத்து உத்தியோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் அதைத் திருத்துவதில்லை. வெண்ணாற்று மதகுகளில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும், கரை எங்காவது உடைகிறதா என்று நடந்து பார்ப்பதும்தான் அந்த வேலை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஊரே சந்தோஷப்படும். இவர் மட்டும் ஏதோ தன் சொந்த வீட்டுக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு பாலத்தின் மேல் நிற்பார். யாராவது "தண்ணி வந்திருச்சா அண்ணே" என்று கேட்டால், "விட்டிருக்கேன்" என்பார்.

கரையிலேயே காலம் தள்ளிய மனுஷனுக்கு ஒரே ஒரு சாஸ்திரம்தான் தெரியும். தண்ணீர் ஓடும் பக்கம் கிழக்கு. எங்கள் பக்கத்தில் அது பொய்யில்லை. கல்லணை தாண்டினால் ஆறென்ன வாய்க்காலென்ன, எல்லாம் கடலைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. கண்ணைக் கட்டி எந்த வயலில் கொண்டுபோய் விட்டாலும் வாய்க்காலில் காலை நனைத்துப் பார்த்து, "இது கிழக்க, அப்ப வீடு அந்தாண்ட" என்று வந்து சேர்ந்துவிடுவார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை திருச்சியில் என் சித்தப்பா வீட்டில் தங்கினோம். வாசல் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, கிழக்கே தலை வைத்துப் படுக்கிறேன் என்று படுத்தார். விடிந்தபோது சூரியன் அவருடைய கால்மாட்டில் உதித்தது. எழுந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு வாஸ்து சரியில்ல சித்தப்பா" என்றார். சித்தப்பா பாவம், அதற்கு அப்புறம் வீட்டு வாசலை மாற்றலாமா என்றுகூட யோசித்தார்.

இன்னொரு குணமும் உண்டு. உட்கார்ந்த இடத்தில் எதையாவது விட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார். துண்டு, குடை, டார்ச் லைட்டு, கண்ணாடி. கல்யாண வீட்டில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து, பஸ்ஸில் ஏறிய பிறகு "என்னமோ கால் லேசா இருக்கே" என்றவர். அவர் முன்னால் வீரமாக நடப்பார். நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, விட்டதைப் பொறுக்கிக்கொண்டு நடப்பேன். எங்கள் இல்லறம் இத்தனை வருஷமாக இந்த வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது மாயவரத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். மயிலாடுதுறை என்று போர்டு வைத்தால் எங்கள் வாய்க்கு அது தெரியுமா? கல்யாணமான வருஷம் ஐப்பசிக் கடைமுழுக்குக்கு அங்கே போனோம். காவிரியில் முழுகிவிட்டு, மாயூரநாதரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் எள் போட்டால் எண்ணெய் எடுக்கிற கூட்டம். "இந்தப் பூக்கடைகிட்டயே நில்லு, நகராத. வெத்தல வாங்கிட்டு வந்திர்றேன்" என்றார். நின்றேன். நகரவில்லை. வெற்றிலை வாங்கப் போனவர் வேறு வாசல் வழியாக வந்து, வேறு ஒரு பூக்கடையைப் பார்த்து, அங்கே நான் இல்லையென்று கத்தி, போலீஸ்காரரைப் பிடித்து, மைக்கில் என் பேரைச் சொல்ல வைத்தார். "அம்சம், அம்சம், எங்கிருந்தாலும் வரவும், உங்கள் கணவர் தேடுகிறார்." எங்கிருந்தாலும் என்றால் எங்கே இருப்பேன்? அவர் நிற்கச் சொன்ன இடத்தில்தான் பழியாக நின்றேன். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்தக் கதைக்குப் பேர், "அம்சம் மாயவரத்துல தொலஞ்சு போனது."

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எதுவாக இருந்தாலும் பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் அந்தக் கதை போடப்படும். மைக்குக்காரர் குரலை அவரே பேசிக் காட்டுவார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். "நான் தொலையல, இவருதான்..." என்று நான் ஆரம்பித்தால் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் நான் வாயைத் திறப்பதில்லை. அதன் பலன், கும்பகோணத்தில் ஜாக்கெட் துணி எடுக்கப் போனாலும் எனக்குத் துணைக்கு ஆள் உண்டு. துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் ஜாக்கெட் கிடையாது.

இதெல்லாம் சிரிப்புக் கதையாகவே இருந்திருக்கலாம். எங்கள் ஒரே மகள் கயல்விழி கல்யாணமாகி நெதர்லாந்தில் இருக்கிறாள். முதல் தடவை அவள் உண்டாகியிருந்தபோது, "அம்மா, நீ வந்து கூட இரு" என்று கூப்பிட்டாள். "ஃபிளைட்டு மாறிப் போவணும்மா. மாயவரம் பஸ் ஸ்டாண்டுலயே தொலஞ்சவள துபாய் ஏர்போட்டுல எங்க போயித் தேடுறது? பொறப்பு நெருங்கட்டும், நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் மாதத்தில் அந்தக் கரு கலைந்துவிட்டது. மாப்பிள்ளை அன்று வேலை விஷயமாக வேறு ஊரில் இருந்தார். என் பிள்ளை தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில் தன்னந்தனியாகக் கிடந்தாள். போனில் அவள் அழுதபோது நான் வெண்ணாற்றங்கரையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற மாதிரி நடிக்கவும் இல்லை.

இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இந்தத் தடவை நான் போயே தீர வேண்டும். இவரோ பழைய பல்லவியை எடுத்தார். வீடியோ காலில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை.

"அம்மாவுக்கு வழி தெரியாதுன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிறதாப்பா?"

"நானா பண்ணுனேன்? மாயவரத்துல கடைமுழுக்கு அன்னிக்கு..."

"அப்பா!"

"சரி. ஒரு நாள் முழுக்கத் தெரியாத எடத்துல வழி தவறாம நடந்து காட்டட்டும். அனுப்பி வைக்கிறேன். அரசப்பன் சொன்னா சொன்னதுதான்."

அவர் மனதில் இருந்தது தஞ்சாவூர் பெரிய மார்க்கெட்டாக இருக்கும். அந்தச் சொல்லைக் கயல்விழி பிடித்துக்கொண்டாள். அவளுடன் படித்த முத்துப்பேட்டை சுஹைப், தஞ்சாவூரில் ஒரு நடைக்குழு வைத்திருக்கிறான். மாதம் ஒரு தடவை வேன் பிடித்து, சும்மா இருக்க முடியாதவர்களையெல்லாம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் நடக்க விடுவான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காட்டுப் பாதை. எங்கள் இரண்டு பேரையும் அதில் சேர்த்துவிட்டாள். அம்மா பாதை மாறாமல் போய்த் திரும்பினால் நெதர்லாந்து. மாறினால் வீடு. பரீட்சை எனக்கு. பரீட்சை அதிகாரி என் வீட்டுக்காரர்.

எந்த மலை என்று சொல்ல மாட்டேன். மறுபடியும் எங்களை உள்ளே விட வேண்டுமே. கேரளாவை ஒட்டின மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வனத்துறைச் செக்போஸ்ட் பக்கத்தில் வேன் நின்றது. இறங்கிப் பார்த்தேன். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதில் ஏறுவதற்கே "அப்பாடா" என்போம். இங்கே பூமி செங்குத்தாக எழுந்து நிற்கிறது. இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ம், கரை கொஞ்சம் ஒசரமாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, கையில் கம்பு, தலையில் கயல்விழி வாங்கிக் கொடுத்த தொப்பி. எல்லோரும் பை மாட்டிக்கொண்டு வந்திருக்க, இவருடைய பையும் என் தோளில் இருந்தது. பரீட்சை அதிகாரி சுமை தூக்கக் கூடாதில்லையா.

சுஹைப் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னான். "யாரும் பாதைய விட்டு எறங்கக் கூடாது. யானை நடமாட்டம் இருக்கு. கைடு முன்னால போவாரு, நான் கடைசில வருவேன். பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் செக்போஸ்டுக்கு வந்தாவணும். அப்பா, உங்களுக்கும்தான் சொல்றேன்."

"எனக்கா? தம்பி, நான் லஸ்கரு" என்றார்.

சுஹைப் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, மரியாதையாகத் தலையாட்டினான்.

காலை முழுவதும் ஏற்றம். வெயில் முதுகில் அடித்தது. மூங்கில் புதர், பெரிய பெரிய வேர்கள், காலுக்குக் கீழே மெத்தை மாதிரி சருகு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பிடித்திருந்தது. நடவுக்கும் களைக்கும் குனிந்து பழகின இடுப்பு. ஏறுவதற்கு அது ஒன்றும் முனகவில்லை. இவருக்குத்தான் மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறது என்று ஒத்துக்கொள்வாரா? நாலு எட்டு வைத்ததும் நின்று, கம்பால் ஏதாவது ஒரு மரத்தைத் தட்டி, "இது வைரம் பாஞ்ச மரம்" என்பார். அந்த மலையில் வைரம் பாயாத மரமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நின்ற இடத்திலெல்லாம் எதையாவது விட்டார். நான் எடுத்துக்கொண்டே வந்தேன்.

மலையின் முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் ஒரு பாறைவெளி. பக்கத்தில் சின்ன ஓடை. அங்கேதான் மத்தியானச் சாப்பாடு. புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து எல்லோரும் வந்த வழியே திரும்பக் கிளம்பினார்கள். இவர் மட்டும் ஓடைக்கரையில் குந்திக்கொண்டு, ஒரு இலையைக் கிள்ளித் தண்ணீரில் விட்டு அது போகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  சித்தப்பா வீட்டுச் சாக்கடையைப் பார்த்த அதே பார்வை.

"அப்பா, கெளம்பலாமா?" என்று சுஹைப் கேட்டான்.

"ஒதுங்கிட்டு வர்றேன் தம்பி. நீங்க மெதுவா நடங்க."

"சரி. அந்த மேட்டுல நிக்கிறோம். அம்மா, நீங்க அப்பாவக் கூட்டிட்டு உடனே வந்துருங்க."

அவன் தலை மறைந்ததும் இவர் எழுந்தார். "அம்சம், வேன் நிக்கிறது கெழக்க. காலைல வெயில முதுகுல வாங்கிட்டு ஏறுனோம், சரியா?"

"சரி."

"தண்ணி இப்படிப் போவுது. அப்ப இதான் கெழக்க. இத ஒட்டியே எறங்குனா நேரா வேன்கிட்ட போயி நிப்போம். இவனுவ மெனக்கெட்டு ஏறி எறங்கிட்டு வர்றதுக்குள்ள நாம டீ குடிச்சி முடிச்சிரலாம்."

"பாதைய விட்டு எறங்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"வழி தெரியாதவனுக்குச் சொன்னது அது." சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். பாதை எனக்கு முன்னால் பளிச்சென்று இருந்தது. அதில் ஏறிப் போனால் நான் ஜெயித்தேன். என் மகள், என் பேரப்பிள்ளை, எல்லாம் அந்த மேட்டுக்கு மேலே இருந்தது. "சுஹைபு!" என்று இரண்டு தடவை கத்தினேன். காற்றுச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? போனை எடுத்தால் சிக்னல் கிடையாது. கீழே புதருக்குள் இவருடைய வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது. யானை நடமாடுகிற காட்டில், துண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு ஆளைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் போய் நெதர்லாந்துக்கு டிக்கெட் வாங்கவா? தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

கொஞ்ச தூரம் போனதும் முகம் கழுவினார். துண்டை ஒரு வழுக்குப் பாறையில் வைத்துவிட்டு நடந்தார். எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் இன்னொரு ஓடை வந்து சேர்ந்தது. அப்புறம் வேர் பின்னிக் கிடந்த ஒரு மரத்தடியில் தண்ணீர் குடித்தார். பாட்டிலை அங்கேயே வைத்தார். எடுத்துக்கொண்டேன். அங்கேயும் ஒரு ஓடை வந்து சேர்ந்தது. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் ஆறு போகப் போகப் பிரியும். காவிரி, வெண்ணாறு, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயலுக்குப் போகிற கன்னி. இங்கே போகப் போகச் சேர்ந்துகொண்டே இருந்தது. இவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சாய்ந்து கிடந்த மூங்கிலில் கம்பைச் சாத்திவிட்டு அதையும் மறந்தார். அதை நான் ஊன்றிக்கொண்டேன்.

"என்னங்க, வெயிலு மூஞ்சில அடிக்குதே."

"அடிச்சா தொப்பிய எடுத்துப் போட்டுக்க."

"அதுக்குச் சொல்லல. மத்தியானத்துக்கு மேல வெயிலு மூஞ்சில அடிச்சா நாம மேற்கால போறோம்."

நின்று சூரியனை ஒரு முறை முறைத்தார். "மலையில சூரியன் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். தண்ணி பொய் சொல்லாது."

சூரியனையே நம்பாத மனுஷனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

வழியில் பெரிய பெரிய உருண்டையாக யானை லத்தி கிடந்தது. "பழசு" என்றார். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் எங்கேயும் நிற்காமல் வேகமாக நடந்தார். காலில் முள் ஏறி ஒரு கல்லில் உட்கார்ந்தார். முள்ளை எடுக்கக் கண்ணாடியைக் கழற்றினார். முள்ளை எடுத்தார். கண்ணாடியை எடுக்கவில்லை. அதையும் நான்தான் எடுத்தேன். கண்ணாடியே இல்லாமல் அவ்வளவு நம்பிக்கையோடு நடக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்படியே போனவர் திடீரென்று நின்றார். முன்னால் தரை இல்லை. ஓடை ஒரு பாறை விளிம்பிலிருந்து அப்படியே கீழே விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. தூரத்தில் மலை, அதற்குப் பின்னால் மலை, எல்லாவற்றுக்கும் மேலே சாய்கிற சூரியன் எங்கள் முகத்துக்கு நேராக. செக்போஸ்டும் இல்லை, வேனும் இல்லை, டீயும் இல்லை.

அவர் ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். "அம்சம், மேற்க ஓடுது" என்றார்.

"ஆமா."

"தண்ணி மேற்க ஓடுது, அம்சம்."

வழி தவறியதைவிட அதுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சி. கூடவே இருந்த சொந்தத் தம்பி கோர்ட்டில் எதிர்ச்சாட்சி சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிட்டது. போன வருஷம் கயல்விழி, "அப்பா, இங்க ஆறெல்லாம் மேற்க ஓடி கடல்ல சேருது" என்றபோது, "அளந்து பாத்தியா?" என்று கேட்டவர். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். "இப்ப எப்படிப் போறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியலன்னு சொல்ல இத்தன வருஷமாச்சா உங்களுக்கு? எனக்கு வழி தெரியாது வழி தெரியாதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. சிரிக்கட்டும்னு விட்டேன். எம்புள்ள ஆஸ்பத்திரியில தனியாக் கெடந்தா. தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல. நீங்க மாயவரத்துக் கதையச் சொல்லி என்னைய வீட்டுல உக்கார வச்சீங்க. இப்பவும் அவ தனியாத்தான் பெத்துக்கணுமா? நான் இங்க உக்காந்து இன்னொரு தடவ அந்த அழுகையப் போனுல கேக்கணுமா?"

அவர் தோளில் துண்டு இருக்கிறதா என்று தடவினார், முகத்தைத் துடைக்க. இல்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "எழுந்திரிங்க. இருட்டறதுக்குள்ள போவணும்."

"வழி?"

"வாங்க."

ஏறத் தொடங்கினதும் முதல் பிரிவு வந்தது. இறங்கும்போது சேர்ந்த ஓடைகளெல்லாம் ஏறும்போது பிரிந்து நின்றன. இவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து முழித்தார். மதகில் நின்று தண்ணீரைப் பிரித்துவிடத் தெரியும். எது எங்கிருந்து வருகிறது என்று அவர் எப்போது பார்த்தார்? "எது?" என்றார்.

"இந்தா, இந்தக் கல்லுலதான் கண்ணாடிய விட்டீங்க. கல்லுக்கு இந்தாண்டதான் ஓடை இருந்திச்சி." பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார்.

அடுத்தது, கம்பைச் சாத்தின சாய்ந்த மூங்கில். நான் கையில் ஊன்றிக்கொண்டு வந்த கம்பை அங்கே அவரிடம் கொடுத்தேன். அப்புறம் பாட்டிலை விட்ட வேர் மரம். அங்கே மூன்று பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. இவர் "வலது பக்கம் போல இருக்கு" என்றார். நான் திரும்பி நின்று, வரும்போது பாட்டிலை எடுக்கத் திரும்பினபோது என் கண்ணில் பட்டது என்ன என்று யோசித்தேன். இடது பக்கம் பட்டுப்போன ஒரு கிளை கைகாட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஏறினோம். போகிற வழி முழுக்க அவர் பார்த்தது முன்பக்கத்தைத்தான். அந்தக் காட்டின் பின்பக்கத்தை அன்றைக்குப் பார்த்த ஒரே ஆள் நான். அதுவும் அவர் புண்ணியத்தில்தான். அவர் மட்டும் பொறுப்பாக எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் அன்றைக்கு யானைக்கு நாங்கள்தான் விருந்தாளி.

பாதி ஏற்றத்தில் அவருக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. துண்டின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். முன்னால் நான், பின்னால் அவர். ஒரு இடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"நான் விட்டது எல்லாத்தயும் எடுத்துட்டா வந்த?"

"எப்பயும் நான்தான எடுக்குறேன்? இன்னிக்கிப் புதுசாவா?"

 துண்டு விட்ட வழுக்குப் பாறை தாண்டினதும் மேலிருந்து விசில் சத்தம் கேட்டது. சுஹைப் எங்களைக் காணாமல் காட்டையே கிழித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முதலில் "அல்லாவே" என்று நெஞ்சில் கை வைத்தான். பிறகு திட்டினான். நல்ல பிள்ளை, மரியாதை குறையாமல் திட்டினான்.

செக்போஸ்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்காகக் காத்திருந்த கூட்டம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. எனக்கு உடம்பு வலியைவிட மனசு வலித்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பாதை மாறாமல் போய்த் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. யாருக்குப் பின்னால் போனேன் என்பது பேச்சில் இல்லை. நான் பாதை மாறிவிட்டேன். அரசப்பன் சொன்னால் சொன்னதுதான்.

சிக்னல் வந்ததும் கயல்விழியின் வீடியோ கால் வந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, அவ்வளவு நேரம் பயந்திருக்கிறாள். "அம்மா, என்னாச்சு? சுஹைபு மலை உச்சிலேருந்து போன் பண்ணுனான். பாதை மாறிட்டீங்களாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும்.

"மாயவரத்துல கடைமுழுக்கு அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புதுக் கூட்டம், புது ஜனம், சிரிக்கக் காத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ அப்பா, இப்பவுமா?" என்றாள் கயல்விழி.

"கேளு பாப்பா. இத்தன நாளாத் தப்பாச் சொல்லிட்டிருந்தேன். பூக்கடைகிட்ட நில்லுன்னு சொன்னது நான். அவ நின்னா. நான்தான் வேற வாசல்ல போயி வேற கடையப் பாத்துட்டுக் கத்துனேன். உங்கம்மா தொலையல. துண்ட விட்டுட்டு வர்ற மாதிரி அவள விட்டுட்டு வந்துட்டேன். அசிங்கமாப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்களா, அதயே கதையாக்கிட்டேன்."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்குக் குரல் உடைந்தது. "போன தடவ அந்தக் கதையச் சொல்லித்தான் அவள ஒங்கிட்ட அனுப்பாம விட்டேன். நீ தனியாக் கெடந்த. எம்மேலதாம்மா தப்பு." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிக்கெட்டு போடு. எங்க மாறணும்னு மட்டும் அவகிட்ட சொல்லு. மாறிக்குவா. அவளுக்கு வழி தெரியும்."

கயல்விழி அந்தப் பக்கம் அழுதாள். நான் இந்தப் பக்கம் அழுதேன். டீக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஆளுக்கொரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருஷமும் பந்தியில் சிரித்த அத்தனை பேரையும் அந்த பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் போல எனக்கு ஆசையாக இருந்தது.

எல்லோரும் வேனில் ஏறினோம். வண்டி நகர்ந்தது. வழக்கம் போல நான் திரும்பிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் துண்டு கிடந்தது. இப்போதுதான் அதில் கண்ணைத் துடைத்தார், அதற்குள் விட்டாயிற்று. "நிறுத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவர் குரல் கேட்டது.

"தம்பி, வண்டிய நிறுத்து. துண்ட விட்டுட்டேன்."

நான் எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ இரு. நீ ஊருக்குப் போயிட்டா யாரு எடுப்பா? பழகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி நடந்தார்.

போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தேன். அந்தக் கம்பை பெஞ்சில் சாத்திவிட்டு வந்திருந்தார். நான் சொல்லவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.